இந்தப் பொம்மைக்கு என்ன விலை?

கையால் தைத்த துணிப் பொம்மை இரக்கத்தால் ஒருமுறை விற்கும். மறுமுறை விற்க வேண்டுமென்றால் தரமும் சரியான விலையும் வேண்டும். மட்டக்களப்பின் தையல் கைகளுக்கு முன்னால் இருக்கும் கணக்கு இது.

மட்டக்களப்பின் அடையாளம் மீன். வாவியில் பாடும் மீனைப் பற்றிக் கேள்விப்படாமல் இந்த ஊருக்கு யாரும் வருவதில்லை. வரவேற்பு வளைவில் மீன், விளையாட்டுக் கழகத்தின் இலச்சினையில் மீன், மேடையேறிப் பேசுகிறவர் வாயில் ‘மீன்பாடும் தேன்நாடு’. ஆனால் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வந்த ஒருவர், பேத்திக்குக் கொடுக்க அந்த மீனை ஒரு துணிப் பொம்மையாக வாங்கலாமென்று புளியந்தீவுக் கடைகளுக்குள் நுழைந்தால், கைக்கு முதலில் வருவது சீனாவிலிருந்து கப்பலேறி வந்த கரடிதான்.

தைக்கத் தெரிந்தவர்கள் இல்லாத ஊரா இது? வாவி சூழ்ந்த புளியந்தீவு என்ற இந்தச் சிறு தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1814இல் மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய பிறகு பாடசாலைகள் எழுந்தன. மிஷன் பாடசாலைகளிலும் கன்னியர் மடங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகள் பூவேலையும் பின்னலும் பழகினார்கள். தெற்கே காத்தான்குடியிலும் மருதமுனையிலும் தறிச் சத்தம் கேட்ட தெருக்கள் இருக்கின்றன. யுத்தத்துக்கும் சுனாமிக்கும் பிறகு வந்த தொண்டு நிறுவனங்கள் கொடுத்த தையல் மெஷின்களுக்குக் கணக்கில்லை. ஆடைத் தொழிற்சாலையில் சில வருடம் வேலை செய்து, கலியாணத்துக்குப் பின் வீட்டோடு இருக்கும் பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

கை இருக்கிறது, மெஷின் இருக்கிறது, துணியும் கிடைக்கிறது. இல்லாதது விலை சொல்லும் துணிச்சலும், அந்த விலைக்குத் தகுந்த தரத்தை ஒவ்வொரு முறையும் கொடுக்கும் ஒழுங்கும். இவை இரண்டும் சேர்ந்தால்தான் கைவேலை தொழிலாகும். உலகத்தில் துணிப் பொம்மை தைத்துப் பிழைத்தவர்களின் கதைகளெல்லாம் இதைத்தான் சொல்கின்றன.

சக்கர நாற்காலியில் பிறந்த யானை

1877ஆம் ஆண்டு சிங்கர் நிறுவனம் இலங்கையில் தையல் மெஷின் விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜேர்மனியின் கீங்கன் என்ற சிற்றூரில் மார்கரெட் ஸ்டைஃப் என்ற தையற்காரி, கம்பளி ஃபெல்ட் துணியில் உடை தைத்து விற்கும் கடையொன்றைத் திறந்தார். 1847இல் பிறந்த அவரை ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியிருந்தது. கால்கள் இயங்கவில்லை, வலக்கையும் சரியாக வராது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தையல் பழகினார்.

1880இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து, ஊசி குத்தி வைப்பதற்கென்று ஃபெல்ட்டில் ஒரு சின்ன யானை தைத்தார். வாங்கிப்போன பெண்கள் அதில் ஊசி குத்தவில்லை. பிள்ளைகள் அதைப் பறித்துக்கொண்டு விளையாடப் போய்விட்டார்கள். மார்கரெட்டுக்குச் சந்தை எங்கே இருக்கிறதென்று புரிந்துவிட்டது. 1886 அளவில் அந்த யானை ஓராண்டில் 5,000க்கு மேல் விற்றது. அவருடைய சகோதரரின் மகன் ரிச்சர்ட், கை கால் அசையும் கரடியொன்றை 1902இல் வடிவமைத்தார். மறுவருடம் லைப்சிக் பொம்மைச் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடி கேட்டார். 1907இல் அந்தக் கம்பனி தைத்து அனுப்பிய கரடிகள் 974,000.

அதே 1902இல் அட்லாண்டிக்கின் அக்கரையில் இன்னொரு கதை நடந்தது. மிசிசிப்பி காட்டில் கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்தார் அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட். பத்திரிகையில் கேலிச்சித்திரம் வந்தது. புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மொரிஸ் மிக்டமும் மனைவி ரோஸும் ஒரு துணிக்கரடி தைத்துக் கடைக் கண்ணாடியில் வைத்தார்கள். ‘டெடி’ என்ற பெயர் அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது.

ஸ்டைஃப் கதையில் நம் ஊருக்கு ஆகவேண்டியது ஒரு சின்னப் பொத்தான். கரடி விற்கத் தொடங்கியதும் நகல் எடுப்பவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். 1904இல் இருந்து ஸ்டைஃப் பொம்மை ஒவ்வொன்றின் காதிலும் ஓர் உலோகப் பொத்தான் குத்தப்பட்டது. அந்தப் பொத்தான் இருந்தால் தையல் பிரியாது, உள்ளே குப்பை இருக்காது என்று வாங்குகிறவர் நம்பினார். நடக்க முடியாத பெண் தைத்தது என்று சொல்லி அந்தப் பொம்மை விற்கப்படவில்லை. 1909இல் மார்கரெட் இறந்தார். கம்பனியும் பொத்தானும் இன்றும் இருக்கின்றன.

அலைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு

மட்டக்களப்புக்குக் கைவேலையோடு வேறொரு பழைய தொடர்பு உண்டு. 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். யுத்தத்தில் அடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து, களிமண் பிசைந்து, வர்ணம் தீட்டி, கதை கட்டி விளையாடிய இடம் அது. கையால் ஒன்றைச் செய்வது மனத்துக்கு மருந்து என்பதை இந்த ஊர் அப்போதே அறிந்திருந்தது.

2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. நாவலடியும் கல்லடியும் டச்பாரும் திருச்செந்தூரும் அந்தக் காலையை மறக்கவில்லை. அதே அலை தமிழகக் கரையையும் அடித்தது. அடுத்த ஆண்டு புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் ‘உபாசனா’ என்ற ஆடை நிறுவனத்தை நடத்திய உமா பிரஜாபதி, மீனவப் பெண்களைக் கூட்டி, தன் நிறுவனத்தில் மிஞ்சிய வெட்டுத் துணிகளில் விரலளவு பொம்மை செய்யப் பழக்கினார். அதற்குச் ‘சுனாமிகா’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பொம்மைக்கு விலை இல்லை. அது பரிசாக மட்டுமே கொடுக்கப்பட்டது. பலர் விரும்பி அளித்த பணத்தில் பெண்களுக்குச் சம்பளம் போனது. இலட்சக்கணக்கில் அது உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது.

2018 ஓகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தின் சேந்தமங்கலம் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் ஓணத்துக்கென்று நெய்து வைத்திருந்த சேலைகளெல்லாம் சேற்றில் ஊறிப்போயின. எரித்துவிடலாம் என்றிருந்தபோது லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் அந்தத் துணியைக் கழுவிக் கிருமி நீக்கிச் சின்னப் பொம்மைகளாக்கினார்கள். பெயர் ‘சேக்குட்டி’. 1,300 இந்திய ரூபாய் பெறுமதியான ஒரு சேலையிலிருந்து 360 பொம்மை. ஒன்று 25 ரூபாய். எரிக்க இருந்த சேலை 9,000 ரூபாயாக நெசவாளரிடம் திரும்பி வந்தது. பொம்மையின் உடம்பில் சேற்றுக்கறை அப்படியே இருந்தது. அந்தக் கறையைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

சுனாமிகாவும் சேக்குட்டியும் வணங்கத்தக்க முயற்சிகள். ஆனால் இரண்டுமே ஓர் அழிவின் நினைவில் நிற்பவை. வாங்குகிறவர் வாங்குவது நினைவை. ஒன்று வாங்கினால் போதும். பிள்ளை கட்டிப்பிடித்துப் படுத்து, கிழிந்து, ‘இதேபோல இன்னொன்று வேண்டும்’ என்று அழும் பொம்மை வேறு வகை. மாதா மாதம் அடுப்பெரியச் செய்வது அந்த இரண்டாவது வகைதான். கிழக்கில் இருபது வருடமாக நாம் முதல் வகையையே செய்துகொண்டிருக்கிறோம். கண்காட்சி வைப்போம், அதிகாரி வந்து நாடா வெட்டுவார், ‘பாதிக்கப்பட்ட பெண்களின் உற்பத்தி’ என்ற பதாகைக்குக் கீழே பத்துப்பேர் அனுதாபத்தோடு வாங்குவார்கள். மறுநாள் மேசையை மடித்து வைத்துவிடுவோம்.

குருநாகலும் கொழும்பும் காட்டிய வழி

இலங்கைக்குள்ளேயே இதைத் தொழிலாக நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1964இல் ஓவியர் பார்பரா சன்சோனி, நல்லாயன் கன்னியர் மடங்களில் நெசவு பழகிய பெண்பிள்ளைகளுக்கு வர்ணமும் வடிவமும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மடத்தலைவி கேட்டுக்கொண்டதற்காகப் போனவர் அதையே தன் வாழ்நாள் வேலையாக்கினார். கொழும்பு காலி வீதியில் இன்றும் இருக்கும் ‘பேர்ஃபுட்’ கடை அப்படி வளர்ந்தது. கண்ணைப் பறிக்கும் கோடுபோட்ட கைத்தறித் துணியில் தைத்த யானையும் முதலையும் அந்தக் கடையின் முத்திரைகள். அவை இலங்கையில் நெய்த துணி என்று பார்த்தவுடன் தெரியும். சன்சோனி 2022இல் தமது 94ஆவது வயதில் மறைந்தார். கடை வர்ணத்தைக் குறைக்கவில்லை.

1991இல் குருநாகலில் சட்டத்தரணி சன்ட்ரா வந்துராகல தன் வீட்டுக் கார்க் கொட்டகையில் 15 பெண்களோடு ‘செலின்’ கைத்தறி நிறுவனத்தை ஆரம்பித்தார். சேலையும் மேசைவிரிப்பும் வெட்டியபின் மிஞ்சிய துணி அங்கே பொம்மையானது. அந்தப் பொம்மைகள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகின்றன. உலக நியாய வர்த்தக அமைப்பின் உத்தரவாதம் பெற்ற நிறுவனம் அது. நியாய வர்த்தகம் என்றால் தைத்தவளுக்கு நியாயமான கூலி, பாதுகாப்பான வேலையிடம், பிள்ளைத் தொழிலாளர் இல்லை என்பதை வெளியாள் வந்து சரிபார்ப்பது. வாங்குகிறவர் கூடுதல் காசு கொடுப்பது அந்தச் சரிபார்ப்புக்காகவும்தான்.

இரண்டுக்கும் பொதுவானது ஒன்று. துணியே அவர்களுடைய கையெழுத்து. மட்டக்களப்புக்கு அந்தக் கையெழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மருதமுனைச் சாரத்தின் கட்டமும் கைத்தறிச் சேலையின் கரையும் பொம்மைக்குப் பொருந்தும் அழகான துணி. வெட்டுத் துணியைக் கிலோக் கணக்கில் வாங்கலாம். சந்தையில் விற்கும் மினுங்கும் வெல்வெட்டை வாங்கித் தைத்தால் நம் பொம்மையும் சீனப் பொம்மையும் அக்கா தங்கை போலாகிவிடும். அங்கே விலையில் நாம் தோற்போம்.

ஒரு மீன் எப்படி உருவாகிறது

கைவேலையின் மதிப்பு தெரிய ஒரு மீன் பொம்மை பிறப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

முதலில் துணியைக் கழுவிக் காயவிட வேண்டும். கைத்தறி சுருங்கும், சில சாயம் விடும். தைத்த பிறகு கழுவினால் மீன் கோணலாகும். காய்ந்த துணியை இஸ்திரி போட்டு, மட்டை மாதிரியை மேலே வைத்துச் சோக்கால் வரைந்து, கால் அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டுவார்கள். மீனுக்கு இரண்டு பக்கத் துண்டு மட்டும் போதுமென்று நினைப்பது புதிதாகப் பழகுபவர்கள். வயிற்றுக்கு மூன்றாவது துண்டொன்று, இலை வடிவில் வேண்டும். அது இல்லாத மீன் அப்பளம் மாதிரித் தட்டையாக இருக்கும்.

கண்ணும் செதிலும் முதலில். துணி தட்டையாக இருக்கும்போதே பூவேலை போட்டுவிட வேண்டும். பஞ்சு அடைத்த பிறகு நேராக வராது. பிறகு நல்ல பக்கங்கள் உள்ளே முகம் பார்க்க வைத்து, மெஷினில் நெருங்கிய தையல். வாலும் உடம்பும் சேரும் இடத்தில் இரட்டைத் தையல், ஏனென்றால் பிள்ளை மீனைத் தூக்குவது வாலைப் பிடித்துத்தான். வளைவு வரும் இடங்களில் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டுப் போடுவார்கள். அந்த வெட்டில்லாவிட்டால், திருப்பும்போது வளைவு சுருண்டு நிற்கும்.

திருப்பியபின் பஞ்சு. நம் ஊரில் தலையணைக்கு இலவம் பஞ்சு வைத்துப் பழக்கம். அது இலேசானது, இழைக்குள் காற்று நிற்பது, மெழுகுத் தன்மையால் நீர் ஒட்டாதது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்கு அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் பொம்மைக்கு அதில் இரண்டு குறை. தூள் பறக்கும், கழுவிக் காயவைத்தால் கட்டி தட்டும். பிள்ளை கடிக்கும் பொம்மையை அடிக்கடி கழுவத்தான் வேண்டும். அதனால் பெரும்பாலோர் பொலியெஸ்டர் பஞ்சு வைக்கிறார்கள். இயற்கைப் பொருள் வேண்டுமென்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இலவம் பஞ்சை நெருக்கமான உள்ளுறையில் அடைத்து, கழற்றிக் கழுவும் மேலுறை போட்டுக் கொடுக்கலாம். அதற்கு வேறு விலை.

பஞ்சைக் கைநிறைய எடுத்துத் திணிப்பது பெரிய பிழை. வாலின் நுனியிலிருந்து தொடங்கி, நகத்தளவு நகத்தளவாகப் பிய்த்து, மழுங்கிய குச்சியால் ஒரேயளவாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். மொத்தமாக அடைத்த பொம்மை ஒரு மாதத்தில் இடுப்பில் மடிந்துவிடும். கடைசியில் விட்ட வாயை வெளியில் நூல் தெரியாத மறைதையலால் மூடுவார்கள். அந்த இரண்டு அங்குலத்தைப் பார்த்தே, தைத்தது தேர்ந்த கையா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் இங்குள்ளவர்களுக்கு மட்டும் தெரிந்த கஷ்டம். பொம்மை அதிகம் விற்கும் மாதம் டிசெம்பர். மட்டக்களப்பில் மழை கொட்டுவது ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஈரக் காற்றில் அடைத்த பஞ்சு மணக்கும், துணியில் பூஞ்சணம் பிடிக்கும். நத்தாருக்கு விற்க நினைப்பவர் செப்டெம்பருக்குள் தைத்து முடித்து, வெயிலில் போட்டு, காற்றுப் புகாத பொலித்தீனில் கட்டி வைக்க வேண்டும். அப்படியென்றால் முதலாகப் போட்ட காசு மூன்று மாதம் முடங்கும். தொழிலுக்குக் கடன் தேவைப்படுவது இங்கேதான். கால் தடுக்குவதும் இங்கேதான். நுண்கடன் வாங்கிய கிழக்குப் பெண்கள் பட்ட பாடு ஊரறிந்தது. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. பொம்மை தைக்க வாரத் தவணைக் கடன் எடுப்பது ஆபத்து. பத்துப்பேர் சேர்ந்த சீட்டுக் காசும், முற்பணம் வாங்கிய ஓடருமே பாதுகாப்பு.

கண் கழன்றால் தொழில் போச்சு

பொம்மைக்குக் கண் வைப்பதில்தான் உயிர் இருக்கிறது என்பார்கள். பொம்மை வியாபாரத்தில் இது நேரடி உண்மை. கழன்ற பொத்தான் கண் ஒன்று குழந்தையின் தொண்டையில் சிக்கினால் அதன் பின் பேச ஒன்றுமில்லை.

ஐரோப்பாவில் பொம்மை விற்க ‘ஈஎன் 71’ என்ற தரநிர்ணயத்தைத் தாண்ட வேண்டும். முதல் பகுதி உடையுமா, கழலுமா என்று பார்க்கும். இரண்டாவது தீப்பற்றும் தன்மையை. மூன்றாவது சாயத்திலும் பொருளிலும் நச்சு உலோகம் வெளிவருமா என்பதை. பொம்மையின் கண்ணைப் பிடித்து 90 நியூட்டன் விசையில் இழுப்பார்கள். ஒன்பது கிலோப் பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். கழன்று வரும் துண்டு 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு குழாய்க்குள் முழுதாக அடங்கிவிட்டால், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தப் பொம்மை கூடாது.

நம் கைவினைஞருக்கு இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லாத ஒரு தீர்வு இருக்கிறது: பொத்தானே வேண்டாம், கண்ணை நூலால் தைத்துவிடுங்கள். மணி, கண்ணாடிக் கல், நீண்ட நாடா எதுவும் சின்னப் பிள்ளைப் பொம்மையில் வரக்கூடாது. வெட்டிய துணியைப் பரப்பிக் குண்டூசி கிடக்கிறதா என்று பார்ப்பதும், வேலை தொடங்கும்போது எண்ணிய ஊசியை முடிக்கும்போது மறுபடி எண்ணுவதும் நல்ல தையலகங்களில் உள்ள வழக்கம். வீட்டிலும் அது வர வேண்டும்.

சட்டம் சின்னவர்களை நசுக்கவும் கூடும். 2008இல் அமெரிக்கா பொம்மைப் பாதுகாப்புச் சட்டத்தை இறுக்கியது. பெரிய கம்பனிகள் இறக்குமதி செய்த பொம்மைகளில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டதே காரணம். ஆனால் ஆய்வுகூடச் சோதனைச் செலவு வீட்டிலிருந்து தைப்பவர்களின் தலையில் விழுந்தது. கையால் பொம்மை செய்பவர்கள் ஒன்றுகூடிப் போராடினார்கள். 2011இல் சட்டம் திருத்தப்பட்டு, வருடத்தில் ஒரு பொருளை 7,500க்கு மேல் செய்யாத சிறு உற்பத்தியாளருக்குச் சில சோதனைகளில் சலுகை கிடைத்தது. இந்தியாவும் 2021 ஜனவரி முதல் பொம்மைக்குத் தரமுத்திரையைக் கட்டாயமாக்கியபோது, பதிவுசெய்த கைவினைஞருக்கு விலக்களித்தது. பதிவில் இருப்பவருக்குத்தான் சலுகை என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். ஊர்பேர் தெரியாமல் தைத்துக்கொண்டிருப்பவரை எந்தச் சட்டமும் காப்பாற்றாது.

உழுதவன் கணக்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. பொம்மை தைப்பவள் கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது.

2026 ஜனவரி முதல் இலங்கையில் தேசிய ஆகக்குறைந்த நாட்கூலி 1,200 ரூபாய். எட்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 150. நடுத்தர மீன் ஒன்றுக்குப் பூவேலையோடு நாலு மணி நேரம் போகிறதென்று வைத்துக்கொள்வோம். கூலி 600. துணி, பஞ்சு, நூல், பெயர்த்துண்டு எல்லாம் 350. மின்சாரம், மெஷின் தேய்மானம், வீணாகும் துணிக்கு 100. மொத்தம் 1,050 ரூபாய். இதைக் கொழும்பில் ஒரு கடையில் வைத்தால் கடைக்காரர் 40 வீதம் எடுத்துக்கொள்வார் என்றால், 1,750 ரூபாய்க்கு விற்றால்தான் தைத்தவளுக்கு அந்த 1,050 கைக்கு வரும். இதில் இலாபம் ஒரு சதமும் இல்லை. ஆகக்குறைந்த கூலி மட்டும்தான். 20 வீத இலாபம் வைத்தால் விலை 2,100.

இனி நடைமுறையைப் பாருங்கள். மேசையில் பொம்மையை வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் வருகிறவர் கேட்பது, “அக்கா, கொஞ்சம் குறைச்சித் தாங்களன்” என்பதுதான். பக்கத்துக் கடையில் சீனக் கரடி அதில் பாதி விலை. அவள் துணிச் செலவை மட்டும் மனத்தில் கூட்டி, மேலே நூறோ இருநூறோ வைத்துக் கொடுத்துவிடுகிறாள். அன்றைக்குக் காசு கண்ணில் பட்டது போலிருக்கும். நாலு மணி நேரத்தை இலவசமாகக் கொடுத்தது தெரியாது. ஆறு மாதத்தில் அலுத்துப்போய் மெஷினைத் துணி போட்டு மூடிவிடுவாள். ஊர் சொல்லும்: “பொம்மை தைச்சுப் பிழைக்க ஏலாது.”

விலையைக் குறைக்க வேண்டுமென்றால் கூலியில் கைவைக்கக்கூடாது, நேரத்தில் கைவைக்கலாம். ஒரு மீனைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தைப்பதை விட்டு, ஒருநாள் இருபது மீனை வெட்டி, ஒருநாள் கண் தைத்து, ஒருநாள் அடைத்தால் நேரம் நன்றாகக் குறையும். மூவர் சேர்ந்தால் பூவேலைக்குக் கைவந்தவர் பூவேலையும் மறைதையலுக்குக் கைவந்தவர் மறைதையலும் பார்க்கலாம். வகையையும் குறைக்க வேண்டும். முப்பது விதப் பொம்மையை அரைகுறையாகச் செய்வதைவிட, நாலு விதத்தை அசல் மாதிரி நூறுமுறை செய்வதுதான் ஸ்டைஃப்பின் பொத்தான் கற்றுத்தரும் பாடம்.

எதைத் தைப்பது, எங்கே விற்பது

மிக்கி மவுஸும் டோரேமோனும் தைத்தால் உடனே விற்கும், உண்மைதான். ஆனால் அவை வேறொருவர் சொத்து. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. பெரிய கடையோ வெளிநாட்டு வாடிக்கையாளரோ அந்தப் பொம்மையைத் தொடவும் மாட்டார்கள்.

நம் வாவியில் யாரிடமும் உரிமம் வாங்கத் தேவையில்லாத பாத்திரங்கள் நீந்துகின்றன. பாடும் மீன் இருக்கிறது, களப்பு நண்டும் இறாலும் இருக்கின்றன, வாயைத் திறந்தால் உள்ளே சிவப்புத் துணி தெரியும் முதலை இருக்கிறது, மீன்கொத்தி இருக்கிறது. வடமோடிக் கூத்தின் கிரீடமும் உடுப்பும் போட்ட அருச்சுனனைத் துணியில் கொண்டுவரலாம். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகளும் வீட்டில் தைக்கும் பெண்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தாலே போதும். ஆறு மாதத்தில் மட்டக்களப்புக்கென்று ஒரு பொம்மை வரிசை கிடைத்துவிடும்.

சந்தையைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும் மாமாங்கேஸ்வரர் திருவிழாக் கடைகளில் 2,000 ரூபாய்ப் பொம்மை விற்காது. அங்கே போகிறவருக்கு உள்ளங்கை அளவு மீன், சாவிக்கொத்தில் தொங்கும் நண்டு என்று வெட்டுத்துணியின் வெட்டுத்துணியில் தைத்ததைக் குறைந்த விலையில் கொடுக்க வேண்டும். பெரிய பொம்மையின் வாடிக்கையாளர் வேறு. பாசிக்குடாவுக்கு வரும் சுற்றுலாப் பயணி, விடுமுறைக்கு வந்து திரும்பும் புலம்பெயர்ந்தவர், முதல் பிறந்தநாளுக்குப் பரிசு தேடும் உத்தியோகத்தர், கொழும்பில் 2012இலிருந்து நடக்கும் ‘குட் மார்க்கெட்’ போன்ற சந்தைக்கு வருகிறவர். குட் மார்க்கெட்டில் கடை போட விண்ணப்பித்து, எதைக்கொண்டு எப்படிச் செய்கிறோம் என்று காட்டித் தேற வேண்டும். அப்படித் தேறியதே ஒரு சான்றிதழ்.

பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் படம் போட்டு ஓடர் எடுக்கும் பெண்கள் இப்போது கூடிவிட்டார்கள். உள்நாட்டுக்கு அது நன்றாக ஓடுகிறது. வெளிநாட்டுக்கு விற்பதில் பொம்மையைவிடக் காசு வருவதுதான் பாடு. பேபாலில் பணம் பெறும் வசதி இலங்கையருக்கு நெடுங்காலமாகக் கிடைக்காமலே இருந்தது. அதனால் இன்றைக்கும் பலருடைய ‘ஏற்றுமதி’ ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்த உறவினரின் சூட்கேஸில்தான் நடக்கிறது. அதையும் குறைவாக நினைக்க வேண்டாம். ஒரு சூட்கேஸில் போன பத்து மீன், அங்கே பத்துப் பிள்ளைகளின் பிறந்தநாள் வீட்டில் விளம்பரம்.

யார் என்ன செய்ய வேண்டும்

தைப்பவர்களுக்கு முதல் வேலை, பெயர். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையிலும் கைவினைஞராகப் பதிவு செய்யுங்கள். பொம்மையின் ஓரத்தில் சின்னத் துண்டொன்று தையுங்கள்: தயாரித்தவர் பெயர், ஊர், உள்ளே என்ன பஞ்சு, எத்தனை வயதுப் பிள்ளைக்கு, எப்படிக் கழுவுவது. அந்தத் துண்டுக்குச் சில ரூபாய்தான் செலவு. அது இல்லாத பொம்மையைத் தரமான கடை எதுவும் வாங்காது.

நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனித் தையல் மெஷின் கொடுக்காதீர்கள், போதும். கிராமியக் கைத்தொழில் திணைக்களமும் கைத்தொழில் அபிவிருத்திச் சபையும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்யக்கூடியது வேறு: பத்துப் பதினைந்து பேரின் பொம்மை மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே முறையில் ஆய்வுகூடச் சோதனைக்கு அனுப்பும் செலவை ஏற்பது, மழைக்காலத்துக்கு ஒரு காய்ந்த களஞ்சியம், பஞ்சையும் துணியையும் மொத்த விலையில் வாங்கிக் கொடுப்பது, மூன்று மாதம் முடங்கும் முதலுக்கு வட்டி குறைந்த கடன். நாடா வெட்டும் கண்காட்சி இல்லாமலே இவை நடக்கும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். கையால் தைத்த பொம்மையை எடுத்தால் முதலில் கண்ணை இழுத்துப் பாருங்கள், தையலை விரித்துப் பாருங்கள், துண்டை வாசியுங்கள். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லி, வைத்துவிட்டு வாருங்கள். பாவம் பார்த்து வாங்குவது தைத்தவளுக்குச் செய்யும் உதவியாகாது. குறை இல்லையென்றால் சொன்ன விலையைக் கொடுங்கள். 2,100 ரூபாயில் நீங்கள் கொடுப்பது தர்மம் இல்லை, ஒரு பெண்ணின் நாலு மணி நேரக் கூலி. அதுவும் நாட்டின் ஆகக்குறைந்த கூலி.